தடமும் மனிதனும்: ‘பிரயரி பாடசாலை’க் கதை பற்றிய ஒரு நோக்கு

துப்பறியும் கதையைப் பொழுதுபோக்கு எழுத்தென ஒதுக்கிவிடுவது திறனாய்வாளர் பலரின் வழக்கம். எனினும், ஆசிரியனோடு வாதிட்டுச் சான்று கேட்கும் உரிமையை வாசகனுக்கு இத்துணை தாராளமாக வழங்கிய இலக்கிய வகைகள் மிகச் சிலவே. ஷேர்லொக் ஹோம்ஸ் கதைகள் இதற்குத் தக்க உதாரணமாகும். 1911இல் ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்திலே ரொனால்ட் நொக்ஸ் வாசித்த கட்டுரையொன்று, விவிலிய ஆராய்ச்சி முறையைக் கேலிசெய்யும் பாங்கில் இக்கதைகளின் முரண்பாடுகளை ஆராய்ந்தது. 1934இல் நியூயோர்க்கில் இக்கதைகளின் அன்பர் கழகமொன்று தோன்றிற்று. இவ்வாறு வாசகரே துப்பறிவாளராக மாறிய வரலாற்றிலே, 1904இல் வெளிவந்த ‘பிரயரி பாடசாலை’ என்னும் கதைக்குத் தனியிடம் உண்டு. அதன் நடுவே நிற்பது, காணாமற்போன ஒரு துவிச்சக்கர வண்டியோட்டி எவ்வழியே சென்றான் என்ற வினா.

கதை சுருக்கமாக இது. வட இங்கிலாந்திலுள்ள பாடசாலையொன்றிலிருந்து ஹோல்டர்னெஸ் கோமகனின் பத்து வயது மகன் ஓரிரவு மறைகிறான். ஹைடெகர் என்னும் ஜெர்மன் ஆசிரியரும் அவரது துவிச்சக்கர வண்டியும் அதே இரவில் காணாமற்போகின்றன. ஆசிரியரே சிறுவனைக் கடத்தினார் என்ற ஐயம் இயல்பாகவே எழுகின்றது. அவர் அதிகம் பேசாதவர், கடுகடுத்த முகத்தினர், சக ஆசிரியரிடத்தும் மாணவரிடத்தும் செல்வாக்கில்லாதவர், அந்நியர். ஒருவனைச் சந்தேகிப்பதற்கு இவையே போதுமானவையாகி விடுகின்றன.

ஹோம்ஸின் ஆராய்ச்சி விலக்கல் முறையிலே தொடங்குகிறது. பாடசாலைக்கு முன்னே செல்லும் பெருவீதியின் கிழக்குப் பக்கத்திலே அன்றிரவு பொலிஸ்காரன் ஒருவன் காவல் நின்றான். மேற்குப் பக்கத்து விடுதியிலோ நோயுற்றிருந்த பெண்ணொருத்திக்காக வைத்தியரை எதிர்பார்த்து விழித்திருந்தனர். இரு சாராரும் எவரையும் காணவில்லை. தெற்கே கல்மதில்களாற் பிரிக்கப்பட்ட சிறு வயல்கள். அங்கே வண்டி ஓட்டல் இயலாது. ஆகவே எஞ்சுவது வடக்கேயுள்ள தோப்பும், அதற்கப்பால் விரிந்த மேட்டுத் தரிசு நிலமுமே. சான்றில்லாத ஊகத்தைத் தவிர்த்து, நிலத்தின் இயல்பையும் மனிதரின் சாட்சியத்தையும் இணைத்து முடிவுக்கு வரும் இப்பகுதி கதையின் மிகச் செம்மையான பகுதி எனலாம்.

தரிசு நிலத்தின் சேற்றிலே ஒட்டுப்போட்ட டன்லப் ரயரின் தடமொன்று அகப்படுகிறது. ஹைடெகரின் ரயர்களோ நீளவாட்டிற் கோடுகளைப் பதிக்கும் பாமர் வகையைச் சேர்ந்தவை. எனவே இது வேறொருவனின் வண்டி. அது பாடசாலையை நோக்கி வந்ததா, அதிலிருந்து விலகிச் சென்றதா? பாரம் தாங்கும் பின்சில்லின் ஆழமான தடம், முன்சில்லின் மெல்லிய தடத்தை ஊடறுத்து அழித்திருப்பதைக் காட்டி, வண்டி விலகியே சென்றது என்கிறார் ஹோம்ஸ். வட்சன் அத்துடன் அமைதியடைந்தார், வாசகர் அமைதியடையவில்லை. வண்டி எத்திசையிற் சென்றாலும் பின்சில்லு முன்சில்லின் தடத்தின்மீதே ஏறும். ஆதலால் இச்சான்று திசையைக் காட்டாது என அவர்கள் ஆசிரியருக்கு எழுதினர்.

கொனன் டொயில் 1924இல் வெளியிட்ட தம் சுயசரிதையிலே இதனை நேர்மையுடன் பதிவுசெய்துள்ளார். தாமே துவிச்சக்கர வண்டியை எடுத்துச் சென்று பரீட்சித்ததாகவும், வாசகர் கூற்றே சரியெனக் கண்டதாகவும் அவர் கூறுகிறார். ஆனால் மேடுபள்ளமான நிலத்திலே ஏற்றத்தில் தடம் ஆழமாகவும் இறக்கத்தில் மெல்லியதாகவும் பதியும். எனவே ஹோம்ஸின் முடிவு நியாயமானதே என்ற சமாதானத்தையும் சேர்த்துக்கொள்கிறார். இச்சமாதானம் ஆசிரியனுடையதேயன்றிப் பாத்திரத்தினுடையதன்று என்பது கவனிக்கத்தக்கது. கதையில் ஹோம்ஸ் சரிவைப்பற்றி இவ்வாறு வாதிடவில்லை. மேலும், மண்ணின் ஈரம் இடத்துக்கிடம் வேறுபடும் சதுப்பு நிலத்திலே தடத்தின் ஆழத்தை மட்டும் நம்புவதும் ஆபத்தானதே.

சுவையான செய்தி யாதெனில், அச்சேற்றிலே விடை இருந்தே இருக்கலாம் என்பதுதான். வண்டி வளைந்து செல்லும்போது பின்சில்லு எப்பொழுதும் வண்டிச் சட்டத்தின் திசையையே நோக்கி நிற்கும். ஆகவே பின்சில்லின் தடத்தில் எப்புள்ளியிலேனும் ஒரு தொடுகோட்டை முன்னோக்கி வரைந்தால், இரு சில்லுகளுக்கும் இடைப்பட்ட மாறாத தூரத்திலே அது முன்சில்லின் தடத்தைச் சந்திக்கும். பிழையான திசையில் வரைந்தால் அத்தூரம் பொதுவாக இடத்துக்கிடம் மாறுபடும். 1996இல் அமெரிக்கக் கணிதச் சங்கமொன்று வெளியிட்ட நூலொன்று, வண்டி எப்பக்கம் போயிற்று என்ற இவ்வினாவையே தலைப்பாகக் கொண்டது. நேர்கோட்டுத் தடத்துக்கு இம்முறை உதவாதாயினும், வளைந்த தடத்துக்கு உதவும். ஹோம்ஸ் உற்றுநோக்கிய பொருள் சரியானது. அதிலிருந்து அவர் எடுத்த நியாயமே தவறானது.

இதுவரை கூறியவை தடத்தைப் பற்றியவை. தடத்தைப் பதித்த மனிதனைப் பற்றியும் கேட்கவேண்டியுள்ளது. ஹைடெகரின் தடத்தைத் தொடர்ந்து செல்லும் இருவரும் அவரைப் பிணமாகவே காண்கின்றனர். தலையிலே பயங்கர அடி. மூக்குக்கண்ணாடியின் ஒரு வில்லை தெறித்துப்போயிற்று. காலிலே சப்பாத்து உண்டு, காலுறை இல்லை. மேலங்கியின் உள்ளே இரவுடை. இவ்வுடையே ஒரு வாழ்க்கையின் கடைசி மணித்தியாலத்தைக் கூறிவிடுகிறது. மாணவன் வெளியேறுவதைச் சாளரத்தினூடே கண்ட ஆசிரியர், உடுத்தவும் நேரமின்றி வண்டியை எடுத்துக்கொண்டு ஐந்து மைல் தூரம் இருளிலே துரத்திச் சென்றிருக்கிறார். கடத்தியவர் எனக் கருதப்பட்டவர், உண்மையிற் காப்பாற்றச் சென்றவர். காணாமற்போனவன்மீது குற்றம் சுமத்துவது எளிது. அவன் மறுத்துரைக்க வரமாட்டான். இந்த அநீதியைத் தகர்ப்பதே தடயவாசிப்பின் மெய்யான பயன். கதையின் உயிரும் இங்கேயே உள்ளது.

எனினும் கதை அவ்வுயிரைப் பேணவில்லை. அடிபட்ட பின்னரும் சிறிது தூரம் வண்டியோட்டிய அம்மனிதனின் துணிவை வட்சன் ஒரே வாக்கியத்திற் பாராட்டிவிட்டு அப்பாற் செல்கிறார். கோமகன் அறிவித்த பரிசு ஆறாயிரம் பவுண்: மகன் இருக்குமிடத்துக்கு ஐயாயிரம், அவனை வைத்திருப்பவரின் பெயருக்கு ஆயிரம். ஆசிரியருக்கென ஒரு சதமும் அதிலில்லை. அடித்துக் கொன்ற விடுதிக்காரன் ஹேய்ஸுக்குத் தூக்குமேடை காத்திருக்கிறது. கடத்தலைத் திட்டமிட்ட வைல்டரோ, கோமகனின் முறைசாரா மகனென்பதால், அவுஸ்திரேலியாவிலே புதுவாழ்வு தேடச் செல்கிறான். ஒரு குற்றத்திலே இறங்கியவன் அதிலிருந்து விளையும் குற்றங்களுக்கும் பொறுப்பாளியே என்று கோமகனை இடித்துரைத்த ஹோம்ஸ், இறுதியிற் காசோலையை மடித்து வைத்துக்கொள்கிறார். சேற்றிலே நடுங்காத அவரது தர்க்கம் மாளிகைக்குள்ளே தளர்ந்துவிடுகிறது. கடத்தலும் கொலையும் ஒரே பாதையிலே நிகழ்ந்தவை. தண்டனையோ குலத்தைப் பார்த்துப் பங்கிடப்படுகிறது.

தமக்கு வந்த கடிதங்களைப் பற்றிக் கொனன் டொயில் தரும் குறிப்பிலே பேசப்படுவது சில்லின் தடமே. அவ்வாராய்ச்சி வீணன்று, அறிவுக்கு அது நல்ல பயிற்சி. ஆயினும், வண்டி எத்திசையிற் சென்றது என்று கேட்டவர்கள், அதே ஊக்கத்துடன், ஹைடெகரின் சாவுக்கு யார் எந்த அளவிற் பதிலளித்தார் என்றும் கேட்டிருக்கலாம். அவ்வினாவுக்குக் கணிதம் வேண்டியதில்லை. கதையைக் கடைசிப் பக்கம்வரை வாசித்தல் போதுமானது.