பட்டியலும் ஆரூடமும்

ஒரு பொருளை ஆக்குவது நின்றபின், அதைப் பற்றிய செய்தி அதனை வைத்திருப்போரின் நினைவில் மட்டுமே வாழும். நினைவு பிழைபடும், எழுத்து நிலைக்கும். ஆதலின், சேகரிப்போர் பட்டியல் எழுதி வைப்பது வீண்வேலை அன்று. அஞ்சல்தலைக்கும் நாணயத்துக்கும் எழுந்த பட்டியல்களை ஆராய்ச்சியாளரும் போற்றுகின்றனர். பொம்மைகளுக்கு எழுந்த பட்டியல்கள் அத்தகுதியை அடைந்தனவா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

அமெரிக்காவில் 1990-களில் பெருகிய 'பீனி பேபி' கையேடுகள் இதற்கு ஏற்ற சான்றாகும். டை என்னும் நிறுவனம் 1993-ஆம் ஆண்டில் ஒன்பது சிறு துணிப் பொம்மைகளை வெளியிட்டது. கடையில் ஒன்றின் விலை ஏறத்தாழ ஐந்து அமெரிக்க வெள்ளி. நிறுவனம் அவ்வப்போது சிலவற்றை நிறுத்திவிட்டுப் புதியவற்றைக் கொணர்ந்தது. எது, எப்போது நிற்கும் என்பது வாங்குவோர்க்குத் தெரியாது. அந்த அறியாமையே கையேடுகளுக்கு வாழ்வளித்தது.

அவற்றின் நற்பகுதியை முதலிற் கூறுதல் முறை. முதல் ஒன்பதனுள் ஒன்றாகிய கரடிக்குத் தொடக்கத்தில் 'பிரௌனி' என்று பெயர். பின்னர் அது 'கப்பி' ஆயிற்று. உருவம் ஒன்றே, அட்டையில் உள்ள பெயர்தான் வேறு. 'ஸ்பாட்' என்னும் நாய்க்குப் புள்ளி என்று பெயரிருந்தும், முதலில் வந்தவற்றின் முதுகில் புள்ளியே இல்லை. 1995-ஆம் ஆண்டில் வந்த 'பீனட்' என்னும் யானை முதலில் கருநீலம், பின்னர் வெளிர்நீலம். 1996 முதல் அட்டைகளில் பிறந்தநாளும் சிறு பாட்டும் இடம்பெற்றன. இவ்வேறுபாடுகளைக் கண்டறிந்து வரிசைப்படுத்திய உழைப்பு, சுவடிகளின் பாடவேறுபாட்டைக் குறிக்கும் பதிப்பாசிரியரின் உழைப்பை ஒத்தது. ஒரு பொம்மை எக்காலத்தது என்பதை அதனால் அறியலாம்.

குறை எங்கே தொடங்குகிறது? ஒரு சொல்லில் தொடங்குகிறது. ஆக்குவதை நிறுத்தியதை நிறுவனம் 'ஓய்வு பெற்றது' என்று அறிவித்தது. ஓய்வு பெறுவோர் பணி செய்தவர். அவர் மீண்டும் பணிக்கு வாரார். பொம்மை அத்தகையது அன்று. ஆலையின் முடிவு மாறினால் நாளையே அது மீண்டும் வரும். விற்பவன் தன் நலம் கருதி ஆக்கிய சொல்லைப் பட்டியல் எழுதுவோர் ஆராயாது ஏற்றனர். 'நிறுத்தப்பட்டது' என்று எழுதியிருந்தால் செய்தியாக நின்றிருக்கும். 'ஓய்வு பெற்றது' என்றதும் அது ஆசையைத் தூண்டும் விளம்பரமாயிற்று.

இரண்டாவது குறை இன்னும் பெரிது. லெஸ் பாக்ஸ், சூ பாக்ஸ் ஆகிய இருவர் எழுதிய 'பீனி பேபி கையேடு' இன்றைய விலையைக் கூறியதோடு அமையாது, பத்தாண்டு கழித்து என்ன விலை போகும் என்பதையும் கூறிற்று. நடந்தது வரலாறு, நடக்கும் என்பது ஆரூடம். இரண்டையும் ஒரே பக்கத்தில், ஒரே வகை எண்களில் அச்சிட்டால், முன்னதன் உண்மை பின்னதற்கும் உண்டென்று படிப்பவர் மயங்குவர். மேலும், அரிய பொருள் என்று சொல்வதற்கு எத்தனை ஆக்கப்பட்டன என்பது தெரிய வேண்டும். அக்கணக்கை நிறுவனம் வெளியிடவில்லை. 1997-ஆம் ஆண்டில் மெக்டானல்ட்ஸ் உணவகங்கள் வழியாக இவற்றின் சிறு வடிவங்கள் மட்டுமே ஏறத்தாழ பத்துக் கோடி வழங்கப்பட்டன. கணக்கு இல்லாத இடத்தில் அருமையை எங்ஙனம் அளப்பது?

விடை விரைவில் வந்தது. 1999-ஆம் ஆண்டு ஆகஸ்டில், ஆண்டிறுதியோடு எல்லாப் பொம்மைகளும் நிற்கும் என்று நிறுவனம் அறிவித்தது. பின்னர் மக்களிடம் வாக்குக் கேட்டு, 2000-ஆம் ஆண்டில் மீண்டும் புதியவற்றை வெளியிட்டது. 'ஓய்வு' என்ற சொல்லின் பொருள் அன்றே வெளிப்பட்டது. விலைகள் வீழ்ந்தன, பெட்டி பெட்டியாகச் சேர்த்து வைத்த குடும்பங்களிடம் பொம்மைகளே எஞ்சின.

இது துணிப் பொம்மைக்கு மட்டும் உரிய நிலை அன்று. டென்மார்க்கின் லெகோ நிறுவனம் 2008-ஆம் ஆண்டில் 5,900-க்கும் மேற்பட்ட துண்டுகளால் ஆன தாஜ்மகால் தொகுதியை வெளியிட்டது. அது நின்றபின் அதன் விலை பன்மடங்கு ஏறிற்று. 2017-ஆம் ஆண்டில் ஏறத்தாழ அதே தொகுதி வேறோர் எண்ணுடன் மீண்டும் கடைக்கு வந்தது. ஆகவே 'நின்றது' என்னும் குறிப்புக்கு அருகில், எந்த நாள் நிலவரப்படி என்பதும் இருத்தல் வேண்டும்.

ஆயினும் லெகோவைச் சேகரிப்போர் ஆக்கிய பட்டியல்களில் வேறொரு நன்மை உண்டு. 2000-ஆம் ஆண்டில் தோன்றிய பிரிக்லிங்க் என்னும் இணையச் சந்தையின் பட்டியல், ஒவ்வொரு தொகுதியிலும் எந்தத் துண்டு, எந்த நிறம், எத்தனை என்று குறிக்கிறது. ஒரு துண்டைத் தொலைத்த சிறுவன், தொகுதி நின்று பல்லாண்டு ஆனபின்னும், அத்துண்டின் எண்ணை அறிந்து தேடிப் பெறலாம். பொம்மையை மீண்டும் விளையாட்டுக்கு உரியதாக்கும் பட்டியல் இது. 2019-ஆம் ஆண்டில் பிரிக்லிங்கை லெகோ நிறுவனமே வாங்கிக்கொண்டது. ஆக்குவோனிடமே பட்டியலும் சேர்ந்தமையால், படிப்போரின் விழிப்பு இனி முன்னினும் மிகுதியாக வேண்டும்.

மாணவர்களிடம் இன்றும் சேகரிக்கும் ஆர்வம் உண்டு. அதனைக் கடிய வேண்டியதில்லை. தம்மிடம் உள்ளவற்றுக்குத் தாமே பட்டியல் எழுதுமாறு ஆசிரியர் பணிக்கலாம்: பொருளின் பெயர், அதன் அடையாளம், அச்செய்தி எங்கிருந்து கிடைத்தது என்று மூன்று பத்திகள் போதும். மூன்றாம் பத்தியை நிரப்ப முயலும்போது, தாம் அறிந்தது எது, பிறர் நம்பச் சொன்னது எது என்பதை அவர்களே பிரித்துணர்வர்.