மாமையும் சிவப்பழகும்: ஊடகங்களில் பெண்ணின் நிறம்

முன்னுரை

பெண்ணுடலை ஊடகங்கள் அளக்கும் அளவுகோல்களுள் தமிழ்ச் சூழலில் முதன்மையானது நிறம். பேச்சு வழக்கில் 'சிவப்பு' என்பது வெளிர்நிறத்தைக் குறிக்கிறது. விளம்பர மொழியோ அதனோடு அழகைச் சேர்த்துச் 'சிவப்பழகு' என ஒரே சொல்லாக்கிற்று. இச்சொல் பெண்ணின் உடல்சார்ந்த தன்னம்பிக்கையை எவ்வாறு பாதிக்கிறது என்பதைச் சங்க இலக்கியம், விளம்பரம், திரைப்படம் ஆகியவற்றின் துணையோடு இக்கட்டுரை ஆராய்கிறது.

மாமை என்னும் அழகு

மாமை என்பதற்குக் கருமை, மாந்தளிர் நிறம், அழகு ஆகிய பொருள்கள் உண்டு. நிறமும் அழகும் இங்கும் ஒரு சொல்லில் இணைகின்றன. ஆனால் இணையும் நிறம் வேறு. மேனி வெளிறுவது பசலை. அது பிரிவுத்துயரின் அடையாளம். வள்ளுவர் இதற்கெனவே 'பசப்புறு பருவரல்' என்னும் அதிகாரத்தை அமைத்துள்ளார்.

இதனைக் கொண்டு சங்ககாலப் பெண் முழு உரிமை பெற்றிருந்தாள் என முடிவு செய்தல் பொருந்தாது. தலைவியின் அழகு அங்கும் தலைவனின் வருகையோடு பிணைக்கப்பட்டதே. எனினும் வெள்ளிவீதியாரின் குறுந்தொகைப் பாடலில் (27) தன் அழகு தனக்கும் பயன்படாமல் தலைவனுக்கும் பயன்படாமல் அழிகிறது எனத் தலைவி வருந்துகிறாள். அழகின் பயனைச் சொல்லும்போது தன்னை முதலில் வைக்கும் அக்குரல் கருதத்தக்கது.

விளம்பரத்தின் கதையமைப்பு

1975இல் இந்தியச் சந்தைக்கு வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' களிம்பின் விளம்பரங்கள் பல ஒரே கதையமைப்பைக் கொண்டிருந்தன. நிறத்தால் வேலையோ திருமணமோ கைகூடாத பெண், களிம்பைப் பூசியபின் வெற்றி பெறுகிறாள். முதற்காட்சியில் பறிக்கப்படும் தன்னம்பிக்கையே இறுதிக்காட்சியில் பண்டமாக விற்கப்படுகிறது. நிராகரித்தவரை விளம்பரம் குறைகூறுவதில்லை. திருத்தப்படுவது நிராகரிக்கப்பட்டவளின் தோல்தான்.

அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கம் முதலிய அமைப்புகள் இத்தகைய விளம்பரங்களை எதிர்த்தன. கரிய நிறத்தவரைத் துயருற்றவராகவோ வாழ்வில் பின்தங்கியவராகவோ காட்டலாகாது என இந்திய விளம்பரத் தர மன்றம் 2014இல் நெறிமுறை வகுத்தது. 2020இல் அக்களிம்பு 'குளோ அண்ட் லவ்லி' எனப் பெயர் மாறியது. 'வெண்மை' போய்ப் 'பொலிவு' வந்தது. ஆயினும் உள்ள தோல் போதாது என்னும் முன்முடிவின்றி இப்பொலிவையும் விற்க இயலாது.

நகைச்சுவையின் இலக்கு

விளம்பரத்திற்கேனும் நெறிமுறை உண்டு. திரை நகைச்சுவை அதற்கு அப்பாற்பட்டது. 'சிவாஜி' (2007) திரைப்படத்தில் நாயகனின் கருமையும் நகைப்புக்குரியதாகிறது. ஆனால் அவன் வெண்மை பெற முயலும் காட்சிகளில் நகைப்பை நடத்துபவனும் அவனே. அவனது நாயகத்தன்மை சிறிதும் குறைவதில்லை. அதே படத்தில் அங்கவை, சங்கவை என்னும் கரிய பெண்கள் இருவர் நாயகன் கண்டு அஞ்சி விலகும் உருவங்களாகவே நிறுத்தப்படுகின்றனர். ஆணின் கருமை வேடிக்கையாகக் கடந்துபோக, பெண்ணின் கருமை அவளது அடையாளம் முழுவதுமாகிறது.

அப்பெயர்கள் பிற்கால மரபில் பாரி மகளிருக்கு வழங்குபவை. நாட்டையும் தந்தையையும் இழந்த துயரைத் தம் குரலிலேயே சொன்னவர்களாகப் புறநானூறு (112) காட்டும் பெண்களின் பெயர்கள், திரையில் நிறத்திற்காகச் சிரிக்கப்படும் இருவருக்குச் சூட்டப்பட்டுள்ளன. இலக்கியத்தில் அவர்களுக்கு இருந்த குரல் திரையில் இல்லை. உடல் மட்டுமே எஞ்சுகிறது.

முடிவுரை

கருமையும் அழகே என மறுமொழி கூறுவது தேவையானது. ஆனால் அது மட்டும் போதாது. அளவுகோலின் நிறத்தை மாற்றினாலும் அளப்பவரின் இடம் மாறுவதில்லை. பெண் தன் உடலைப் பற்றித் தானே பேசுகிறாளா, பிறர் தீர்ப்பைக் கேட்டு நிற்கிறாளா என்பதே ஊடகப் பனுவல்களை மதிப்பிட உதவும் வினா. வெள்ளிவீதியாரின் தலைவி தன்னை முதலில் வைத்துப் பேசினாள். சிவப்பழகு விளம்பரத்தின் பெண்ணோ தேர்வாளரும் மணமகன் வீட்டாரும் ஒப்பியபின்பே சிரிக்கிறாள்.