எட்டு வரியில் இந்திய நேரம்

எந்த ஊரில் எந்த ஆண்டில் கடிகாரம் என்ன காட்டியது என்பதை லினக்ஸ் கணினிகளுக்கும் ஆண்ட்ராய்டு போன்களுக்கும் சொல்லிக் கொடுப்பது சில டெக்ஸ்ட் கோப்புகள். ஆர்தர் டேவிட் ஓல்சன் 1980களில் தொடங்கிய வேலை இது. பால் எகர்ட் பல காலமாகப் பராமரித்து வருகிறார். 2011 முதல், இணையப் பெயர்களையும் எண்களையும் ஒருங்கிணைக்கும் ஐயானா அமைப்பு இதற்கு இடம் கொடுத்திருக்கிறது. டிஇசட் தரவுத்தளம் என்பார்கள். தரவுத்தளம் என்றதும் பெரிய மென்பொருளை நினைத்துக்கொள்ள வேண்டாம். கண்டவாரியாகக் கோப்புகள், வரிகள், வரிக்குள் பத்திகள், அவ்வளவுதான். நோட்பேடில் திறக்கும்.

ஆசியாவுக்குரிய கோப்பின் பெயர் ‘ஏசியா’. அதில் கொல்கத்தா என்ற தலைப்பில் இந்தியாவின் நேர வரலாறு எட்டே வரியில் முடிந்துவிடுகிறது. மூன்றாவது வரியைத் தமிழ் எழுத்தில் எழுதினால் இப்படி இருக்கும்:

5:21:10   -   எம்எம்டி   1906 ஜனவரி 1   # மதராஸ் உள்ளூர் நேரம்

நம்ம ஊர் நேரம்! கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் 10 விநாடி முன்னே. ரயில்கள் ஒரு காலத்தில் இந்த நேரத்தைப் பார்த்துத்தான் ஓடின. நாடு முழுவதற்கும் ஐந்தரை மணி என்று ஆனபின்னும், அந்தப் பத்து விநாடியைக்கூட உதிர்த்துவிடாமல் வைத்திருக்கிறது கோப்பு.

வரியின் கட்டமைப்பைக் கவனியுங்கள். முதலில் அடிப்படை நேரம். அடுத்து, அதன்மேல் தற்காலிகமாகக் கூட்டியது. ஒன்றும் கூட்டவில்லை என்றால் ஒரு சிறு கோடு. பிறகு சுருக்கப் பெயர். கடைசியில், இந்த நேரம் எதுவரை செல்லும் என்ற தேதி. தொடக்கத் தேதிக்குப் பத்தியே கிடையாது. முந்தின வரி எங்கே முடிகிறதோ அங்கேதான் இந்த வரி தொடங்கியாக வேண்டும். இரண்டு தேதியும் எழுதும் பதிவேட்டில் இடைவெளி விழலாம், ஒன்றன்மேல் ஒன்று ஏறலாம். இங்கே அதற்கு வழியே இல்லை. எட்டாவது வரியில் ஐந்தரை மணி இருக்கிறது, முடிவுத் தேதி இல்லை. 1945 அக்டோபர் 15-இல் தொடங்கிய அந்த வரிக்குள்தான் நாம் இன்னும் இருக்கிறோம்.

இரண்டாவது வரியில் இன்னொரு நயம். முதல் வரி கொல்கத்தா உள்ளூர் நேரம், 5:53:28. இரண்டாவது 5:53:20. எட்டே விநாடி குறைவு. ஹூக்ளி ஆற்றின் இக்கரையில் கொல்கத்தா, அக்கரையில் ஹௌரா. எச்எம்டி என்று சுருக்கி, பக்கத்தில் # குறி போட்டு, ‘ஹௌரா சராசரி நேரமா?’ என்று கேள்விக்குறியோடு எழுதியிருக்கிறார்கள். # குறிக்குப் பின்னால் வருவதை நிரல் படிப்பதில்லை, அது மனிதர்களுக்கு. தெரிந்த எண்ணைப் பத்தியில் வைத்துவிட்டு, சந்தேகத்தை அதன் பக்கத்திலேயே விட்டுவைக்கிற நேர்மை எத்தனை ஆவணங்களில் இருக்கிறது?

அதே கோப்பில் கொழும்பைத் தேடிப் பாருங்கள். அங்கும் ஓர் எம்எம்டி வருகிறது, 5:19:32. மதராஸ் இல்லை, மொறட்டுவை. மூன்றெழுத்து ஒன்றுதான், # குறிக்கு அப்பால் உள்ள ஊர்ப்பெயர்தான் வேறு. கொழும்புப் பகுதியில் எனக்கு மிகவும் பிடித்தவை இந்த இரண்டு வரிகள்:

5:30   1:00   +0630   1945 அக்டோபர் 16   2:00
6:30   -   +0630   1996 அக்டோபர் 26   0:30

இரண்டு காலத்திலும் கொழும்புக் கடிகாரம் காட்டியது கிரீன்விச்சுக்கு ஆறரை மணி முன்னேதான். ஆனால் இரண்டாம் உலகப் போர்க்காலத்து ஆறரையை ஐந்தரை, அதன்மேல் ஒன்று என்று பிரித்து எழுதியிருக்கிறார்கள். அது கூட்டிவைத்த மணி, கழற்றிவிடலாம். 1996 மே மாதம் மின்பற்றாக்குறையால் இலங்கை அரசு கடிகாரத்தை நகர்த்தியபோது நாட்டின் நியம நேரமே மாறியது. அதனால் அங்கே ஆறரை பிரியாமல் முழுதாக நிற்க, கூட்டல் இருக்க வேண்டிய இடத்தில் கோடு. முள் ஒன்று, நியாயம் இரண்டு. இந்த நுட்பமான வேறுபாட்டைக் காட்ட அவர்களுக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு பத்திதான்.

பத்திக்குள் அடங்காததும் உண்டு. 1996-இல் கொழும்பு மாற்றிய நேரத்தை விடுதலைப் புலிகள் ஏற்கவில்லை. அவர்கள் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளில் இந்தியாவோடு ஒத்த ஐந்தரை மணியே தொடர்ந்தது. ஒரே தீவில் இரண்டு நேரம். 2006 ஏப்ரலில் கொழும்பே ஐந்தரைக்குத் திரும்பியது. கொழும்புக்கான வரிகளில் இந்த வரலாற்றுக்கு இடமில்லை. ஆனால் மேலேயுள்ள # வரிகளில் செய்தி நிறுவனத்தின் பெயரோடும் தேதியோடும் அது பதிவாகியிருக்கிறது. மூலமும் உரையும் ஒரே ஏட்டில் இருப்பது போலத்தான். வரி சூத்திரம் போல இறுகியிருக்கும். யார் சொன்னது, எந்தப் பத்திரிகையில் வந்தது என்பதையெல்லாம் உரை விரித்துச் சொல்லும். கோப்பில் பல இடங்களில் உரைதான் மூலத்தைவிட நீளம்.

டெக்ஸ்ட் கோப்பாக இருப்பதால்தான் இதெல்லாம் கூடிவருகிறது. எந்த நாட்டு அரசாவது நேரத்தை மாற்றினால் சில வரிகள் மாறும். மாறியது எது என்பது பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்தால் கண்ணிலேயே தெரியும். கணினி வேகமாகப் படிப்பதற்கு இதிலிருந்து தனியாக வேறு கோப்பு தயாராகிறது. திருத்துவதும் விவாதிப்பதும் மனிதர் படிக்கும் இந்தக் கோப்பில்தான். நாற்பது ஆண்டுக்குள் எத்தனையோ மென்பொருள்களின் கோப்புகள் திறக்க வழியில்லாமல் போய்விட்டன. இதைத் திறக்கத் தனி மென்பொருள் எதுவும் வேண்டியதில்லை.

தகவலைத் தொகுக்கிற எவரும், அது குடும்ப வரலாறோ கோயில் கணக்கோ, மென்பொருள் வாங்குவதற்கு முன் இந்தக் கோப்பை ஒருமுறை படித்துவிடுவது நல்லது. பொதுச்சொத்து, காசு கிடையாது, யாரும் இறக்கிக்கொள்ளலாம். படிக்கும்போது எண்களைப் பிறகு பார்த்துக்கொள்ளுங்கள். # வரிகளை முதலில் படியுங்கள்.