தவக்காலமும் எசாயாவின் நோன்பும்

நாற்பது நாள் நோன்பைத் தமிழ்க் கத்தோலிக்கர் 'தவக்காலம்' என்பர். சீர்திருத்தத் திருச்சபையார் 'லெந்து நாட்கள்' எனவும் வழங்குவர். முன்னைய சொல் தமிழ் அறமரபைத் தன்னுடன் கொணர்கிறது. தன் துன்பம் பொறுத்தலோடு பிறவுயிர்க்குத் துன்பம் செய்யாமையையும் தவத்தின் வடிவாகக் கொள்வது திருக்குறள். திருநீற்றுப் புதனை அடுத்த வெள்ளியன்று வாசிக்கப்பெறும் எசாயா 58ஆம் அதிகாரம் இதற்கு அணுக்கமானது. வேலையாட்களை ஒடுக்கிக்கொண்டே நோற்பவரை அது கடிகிறது. நுகத்தை உடைத்தலையும் பசித்தோர்க்கு உணவு பகிர்தலையும் நோன்பெனக் காட்டுகிறது.

நெல்லைச் சீமையிலிருந்து பிழைப்பு நாடி மும்பைத் தாராவியில் குடியேறிய உழைப்பாளர்க்குப் பட்டினி புதிதன்று. அவர்களிடம் உணவு மறுத்தலை மட்டும் வலியுறுத்தும் விளக்கம் இவ்வதிகாரத்தின் பாதியையே வாசிக்கிறது. உழைப்பவன் பக்கம் நின்று வாசிக்கும்போதே தவம் என்னும் சொல் முழுமை பெறுகிறது எனலாம்.