சலீல் சௌத்ரி வழியாக இளையராஜாவைக் கேட்பது

இளையராஜாவின் முன்னோடிகளைப் பட்டியலிடுவோர் எம்.எஸ்.விஸ்வநாதன், ஜி.கே.வெங்கடேஷ், தன்ராஜ் மாஸ்டர் என்று சொல்லி வந்து, நினைவிருந்தால் கடைசியில் சலீல் சௌத்ரியையும் சேர்ப்பார்கள். ‘அன்னக்கிளி’க்கு (1976) முன்பு இளையராஜா அவருடைய இசைக்குழுவில் கிடார் வாசித்தவர். அப்படியிருந்தும் இந்த உறவு பலர் காதில் விழுவதில்லை. காரணம், தாக்கத்தை மெட்டில் தேடுகிறார்கள். மெட்டுக்கு அடியில் ஓடும் இசையில்தான் அது இருக்கிறது.

சலீலைப் புரிந்துகொள்ள அவர் இசையமைப்பாளர் மட்டுமல்ல என்பதிலிருந்து தொடங்க வேண்டும். அசாம் தேயிலைத் தோட்டத்தில் மருத்துவராக இருந்த தந்தையின் மேற்கத்திய இசைத்தட்டுகளைக் கேட்டு வளர்ந்தவர். இந்திய மக்கள் நாடக மன்றமான இப்டாவின் மேடைகளுக்காகப் போராட்டப் பாடல்களைத் தாமே எழுதி மெட்டமைத்தார். ‘தோ பீகா ஜமீன்’ (1953) படத்துக்குக் கதையும் அவருடையது, இசையும் அவருடையது. பிறகு ‘மதுமதி’ (1958), மலையாளத்தில் ‘செம்மீன்’ (1965). ‘சாயா’ (1961) படத்தில் தலத் மஹ்மூதும் லதாவும் பாடிய பாடலின் பல்லவி, மொசார்ட்டின் 40ஆம் சிம்பொனியின் தொடக்கத்திலிருந்து எடுத்தது. இதைத் திருட்டு என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் அந்தத் தொடக்கம் எங்கே முடிகிறது, இந்தியப் பாட்டு எங்கே ஆரம்பிக்கிறது என்று கவனியுங்கள். ஒட்டுப்போட்ட இடம் தெரியாது. அடுத்து ‘ஆனந்த்’ (1971) படத்தில் லதா தனியாகப் பாடியதையும், அதே மெட்டில் ‘அழியாத கோலங்க’ளில் (1979) எஸ்.பி.பி. பாடியதையும் கேளுங்கள். முதல் முறை குரலோடு போங்கள். மறுமுறை குரலை விட்டுவிட்டு, பாடகர் மூச்சு விடும் இடங்களில் வாத்தியங்கள் என்ன பதில் சொல்கின்றன என்று மட்டும் பாருங்கள்.

மேற்கத்திய இலக்கணத்தைத் தன்ராஜ் மாஸ்டரே கற்றுத் தந்துவிட்டாரே, சலீலுக்கு ஏன் பங்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இலக்கணம் தெரிந்தவரெல்லாம் பாட்டுக் கட்டிவிடுவதில்லை. அந்த இலக்கணம் மூன்றரை நிமிட இந்தியத் திரைப்பாட்டுக்குள் எப்படிப் புழங்கும் என்பதை, ஒலிப்பதிவுக் கூடத்தில் கிடாரோடு உட்கார்ந்தவருக்குச் செய்து காட்டியவர்களில் சலீல் முக்கியமானவர். அப்படியானால் ராஜாவின் மெட்டுகளில் சலீலின் சாயல் தெரிய வேண்டாமா? தெரியாததுதான் சீடனின் கெட்டிக்காரத்தனம். சலீலின் மெட்டே ஓரிடத்தில் நிற்காது, ஸ்வரம் விட்டு ஸ்வரம் தாவும். நல்ல பாடகருக்கே சிரமம். ராஜா பெரும்பாலும் மெட்டை யாரும் முணுமுணுக்கும்படி விட்டுவிட்டு, அந்தத் தாவலைப் பேஸ் கிடாருக்கும் வயலின்களுக்கும் கொடுத்துவிடுகிறார். ‘சிட்டுக்குருவி’யில் (1978) இரண்டு குரல்கள் ஒரே நேரத்தில் வெவ்வேறு மெட்டைப் பாடும் பாட்டில் மட்டும் இந்த வேலை வெளிப்படையாக மேலே வந்துவிட்டது.

ஒப்பிட்டுக் கேட்க வசதியாக, இயக்குநர் பாலு மகேந்திராவே ஒரு ஜோடியை விட்டுச் சென்றிருக்கிறார். ‘அழியாத கோலங்கள்’ சலீல் இசையில் வந்தது. அடுத்த ஆண்டின் ‘மூடுபனி’ இளையராஜாவுக்கு நூறாவது படம். இரண்டின் பாடல்களையும் ஒரே மாலையில், ஹெட்போனில், பேஸ் கிடாரைப் பிடித்துக்கொண்டே கேட்டுப் பாருங்கள்.