காரின் வாலில் முளைத்த செட்டை

மோட்டார்க் காருக்குச் செட்டை எதற்கு? ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனத்தின் உபதலைவராயிருந்த ஹார்லி ஏர்லிடம் இதற்கு விடை இருந்தது. 1927 முதல் 1958 வரை அந்நிறுவனத்துக் கார்களின் தோற்றத்தை வகுத்தவர் அவர். யுத்தகால லொக்ஹீட் பி-38 விமானத்தின் இரட்டை வாலில் மனத்தைப் பறிகொடுத்தார். 1948இல் கடிலாக் காரின் பின்புறத்தில் சிறு செட்டைகள் முளைத்தன. 1959ஆம் ஆண்டு மாதிரியில் அவை ஈட்டிபோல் ஓங்கி நின்றன. காரின் ஓட்டத்துக்கு அவற்றால் யாதொரு பயனுமில்லை. சென்ற வருடத்துக் காரைப் பழசாகக் காட்டின, அவ்வளவே.

ஏர்ல் இதை மறைத்தாரல்லர். 1934இல் அமெரிக்கர் ஒரு காரைச் சராசரி 5 வருடம் வைத்திருந்தனர், 1955இல் 2 வருடம். அது 1 வருடமாகக் குறையும்போதே தம் பணி பூரணமாகும் என்றார். அவருடைய கலைத்திறனை நாம் மறுக்கவில்லை. களிமண்ணில் முழு உருவம் சமைத்து, காரை ஒரே உடலாகக் காணக் கற்பித்தவர் அவர். அத்திறன் யாருக்கு ஊழியம் செய்தது என்பதே நம் கேள்வி.

1959இல் பினின்பரீனா வரைந்த ஒஸ்டின் கேம்பிரிட்ஜிலும் அச்செட்டையின் சாயல் உண்டு. அத்தகைய கார்கள் கொழும்பிலும் ஓடின. 1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் இலங்கையில் கார் இறக்குமதி இறுக்கப்பட்டபோது, வெள்ளவத்தைக்காரருக்குப் புது மாதிரி ஏது? பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகம் தேடினர். கொட்டாஞ்சேனைக் கராஜ்களில் இயந்திரத்தைப் பிரித்துப் பூட்டினர். ஒரு வருடத்தில் சாகவேண்டிய அழகு இங்கே இருபது வருடம் உழைத்தது. (இல்லாமையைப் புகழ்வது நம் நோக்கமன்று, அக்காலத்து வரிசைகளில் நின்றவர்கள் அதை மறந்திருக்கமாட்டார்கள்.) செட்டை நெளிந்தால் சுத்தியலால் தட்டி நிமிர்த்திய அந்தத் தொழிலாளியின் கைத்திறனுக்கு, காரின் கலையைப் பேசும் நூல்களில் ஒரு பக்கமேனும் ஒதுக்கப்பட வேண்டாமா?