தள்ளி நிற்பவனின் குரல்

வார்னிங் என்ற ஆங்கிலேய இசைக்குழு 2006இல் வெளியிட்ட 'வாட்சிங் ஃப்ரம் எ டிஸ்டன்ஸ்' ஆல்பத்தைப் பற்றி மெட்டல் ரசிகர்களிடம் கேட்டால் பெரும்பாலும் இரண்டு பதில்களில் ஒன்று வரும். மெட்டலில் இதைவிடச் சோகமான ஆல்பம் கிடையாது என்பது ஒன்று. கிதார் எல்லாம் பிரமாதம், ஆனால் பாடுற ஆள் ஐம்பது நிமிஷமும் அழுதுகிட்டே இருக்கார், தாங்க முடியல என்பது இன்னொன்று. முன்னது உச்சபட்சப் பாராட்டு, பின்னது பொறுமை இழந்த புகார். இரண்டு தரப்பும் தாங்கள் கேட்டதற்கு வைக்கும் பெயர் ஒன்றுதான்: சோகம். அந்தப் பெயரோடுதான் எனக்குச் சண்டை.

டூம் மெட்டல் பரிச்சயமில்லாதவர்களுக்குக் கொஞ்சம் பின்னணி. 1970இல் பர்மிங்ஹாமிலிருந்து பிளாக் சாபத் தன் முதல் ஆல்பத்தோடு வந்தது. அதன் கிதார் கலைஞர் டோனி ஐயோமி, தகரத் தொழிற்சாலை விபத்தில் வலது கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்தவர். பின்னாளில் அவர் தந்திகளைத் தளர்த்தி, சுருதியைக் கீழே இறக்கி வாசித்தார். அந்தக் கனத்தை எடுத்துக்கொண்டு வேகத்தை இன்னும் குறைத்தால் கிடைப்பதுதான் டூம். 80களில் மெட்டல் உலகம் முழுக்க யார் வேகமாக வாசிப்பது என்று ஓடிக்கொண்டிருந்தபோது, சிலர் மட்டும் வேண்டுமென்றே எதிர்த்திசையில் நடந்தார்கள்.

அவர்களில் ஒருவரான ஸ்வீடனின் கேண்டில்மாஸ், 1986இல் 'எபிகஸ் டூமிகஸ் மெட்டாலிகஸ்' என்ற ஆல்பத்தைக் கொண்டுவந்தது. விற்பனை மோசம். வெளியிட்ட நிறுவனம் குழுவையே கைகழுவியது. இன்று 'எபிக் டூம்' என்று ஒரு வகைமையையே அந்த ஆல்பத்தின் பெயரைக் கொண்டு அழைக்கிறோம். அப்போது யாருக்கும் புரியவில்லை, காலம் வந்து நியாயம் வழங்கியது என்ற கதை டூம் ரசிகர்களுக்கு ரொம்பப் பிடிக்கும். அதில் நாம் எப்போதும் புரிந்துகொண்டவர்கள் பக்கம் இருப்போம், இல்லையா?

வார்னிங்கைப் பற்றியும் இதே கதையைத்தான் சொல்கிறார்கள். லண்டனுக்கு வடக்கே, இரண்டாம் உலகப் போருக்குப் பின் திட்டம்போட்டுக் கட்டிய ஹார்லோ நகரத்துக் குழு இது. 1999இல் முதல் ஆல்பம், 2006இல் இது. சிறிய நிறுவனம், சிறிய வட்டம், பிறகு மெல்ல மெல்லப் பரவிய புகழ். 2017இல் நெதர்லாந்தின் டில்பர்க் நகரில் நடக்கும் ரோட்பர்ன் விழாவில் குழு மறுபடி கூடி, இந்த ஆல்பத்தை முழுவதுமாக மேடையில் வாசித்தது. ஆக, நியாயம் கிடைத்துவிட்டது. ஆனால் கிடைத்த நியாயம் சரியானதுதானா?

முதலில் குரலைப் பற்றிய புகார். பாடகரும் பாடலாசிரியருமான பாட்ரிக் வாக்கருக்கு மெட்டல் பாடகருக்கான எந்த லட்சணமும் இல்லை. உறுமல் கிடையாது. கேண்டில்மாஸ் பாணி ஓபரா கம்பீரமும் கிடையாது. கொஞ்சம் மூக்கால் பாடும், நீட்டும்போது நடுங்கும் குரல். மெட்டலைவிட ஆங்கிலேய நாட்டார் பாடல்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதை எந்த எதிரொலியிலும் புதைக்காமல், கிதார்களுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். கூச்சமாக இருக்கிறது என்று சொல்பவர்களின் காது சரியாகத்தான் வேலை செய்கிறது. கூச்சம் வரத்தான் செய்யும்.

ஏனென்றால் டூம் மெட்டலுக்கு எப்போதும் ஒரு வேஷம் உண்டு. மந்திரவாதி, கல்லறை, சாத்தான், உலக முடிவு என்று ஏதாவது ஒரு திரை. பாடுபவரின் துக்கம் அந்தத் திரைக்குப் பின்னாலிருந்து வரும். கேண்டில்மாஸின் பாடகர் சாவைப் பற்றிப் பாடும்போது அவரது சொந்த வாழ்க்கையைப் பற்றி நாம் கவலைப்படுவதில்லை. வாக்கர் இந்தத் திரையைக் கழற்றிவிடுகிறார். இந்த ஆல்பத்தில் ஒரு 'நான்' இருக்கிறது, ஒரு 'நீ' இருக்கிறது, நடுவில் தூரம் இருக்கிறது. இவ்வளவு கனமான இசைக்கு உள்ளே இவ்வளவு சாதாரணமான விஷயம். யாரோ தொலைபேசியில் அந்தரங்கமாகப் பேசுவதை ஒட்டுக்கேட்பது போன்ற சங்கடம் அதில் உண்டு. குரலைக் குறையாகச் சொல்பவர் இந்தச் சங்கடத்தைத்தான் சொல்கிறார். அதை ஆல்பத்தின் தோல்வி என்று வகைப்படுத்துவதில் மட்டும்தான் நான் வேறுபடுகிறேன்.

அடுத்த புகார்: ஐந்து பாட்டும் ஒரே மாதிரி இருக்கு, போர் அடிக்குது. இதில் பாதி உண்மை. டெம்போ மாறுவதே இல்லை எனலாம். கிதார் தனி ஆவர்த்தனமும் கிடையாது. நாலாவது பாட்டு வரும்போது கவனம் சிதறுவதை நானே மறுக்க மாட்டேன். ஆனால் தலைப்புகளை வரிசையாகப் பாருங்கள். 'வாட்சிங் ஃப்ரம் எ டிஸ்டன்ஸ்', 'ஃபுட்பிரிண்ட்ஸ்', 'பிரிட்ஜஸ்', 'ஃபேஸஸ்', 'எக்கோஸ்'. முதலாவதில் ஒருவன் தள்ளி நின்று பார்க்கிறான். மற்ற நான்கும் பன்மைப் பெயர்ச்சொற்கள்: காலடித் தடங்கள், பாலங்கள், முகங்கள், எதிரொலிகள். தடம் என்பது போனவர் விட்டது. பாலம் என்பது இரண்டு கரைகளுக்கு நடுவில் இருப்பது. எதிரொலி என்பது குரல் நின்ற பிறகு மிஞ்சுவது. அந்த 'நீ'யைத் தவிர அதைச் சுற்றியுள்ள எல்லாமே பட்டியலில் இருக்கிறது. ஐந்து பாட்டும் ஒரே இடத்திலிருந்து பார்க்கப்பட்டவை. நிற்கிற இடம் மாறாதபோது நடை எப்படி மாறும்?

இங்கே கிதார் ஒலியைப் பற்றிக் கொஞ்சம் பொறியியல் பேச வேண்டும். கனம் என்று நாம் சொல்லும் அந்த டிஸ்டார்ஷன் உண்மையில் என்ன செய்கிறது? ஒலியலையின் உச்சிகளை வெட்டிவிடுகிறது. அதனால் சத்தமான பகுதிக்கும் மெல்லிய பகுதிக்கும் இருக்கும் வித்தியாசம் சுருங்குகிறது. சாதாரண அக்குஸ்டிக் கிதாரில் ஒரு கார்டை மீட்டினால் உடனே தேய ஆரம்பித்துவிடும். டிஸ்டார்ஷனில் அதே கார்டு, தேய்வது தெரியாமல் நெடுநேரம் நிற்கும். வார்னிங்கின் வேகத்தில் அக்குஸ்டிக் கிதாரை வாசித்தால் அடுத்த கார்டு வருவதற்குள் முந்தையது செத்துப் போயிருக்கும், நடுவில் மௌனம் விழும். இங்கே அந்தக் கனம் குரலுக்குக் கீழே போட்ட தரை. அது நகராமல் நிற்பதால்தான் குரலின் சின்னச் சின்ன நடுக்கமும் நமக்குக் கேட்கிறது. அதிரும் மேடையில் நிற்பவனின் கை நடுங்குவதை யாரால் கவனிக்க முடியும்? ரிஃப் எவ்வளவு கனம் என்று மட்டும் மதிப்பெண் போடுபவர்கள் தரையின் தடிமனை அளந்துவிட்டு வீட்டைப் பார்க்காமல் போகிறார்கள்.

வாக்கர் பிறகு செய்தது இதை உறுதிப்படுத்துகிறது. வார்னிங் கலைந்தபின் 40 வாட் சன் என்ற குழுவைத் தொடங்கினார். 2011இல் வந்த முதல் ஆல்பத்தில் கனமான கிதார் இருந்தது. 2016இல் வந்த இரண்டாவதில் டிஸ்டார்ஷன் வடிந்துவிட்டது. 2022இல் வந்த 'பெர்ஃபெக்ட் லைட்' பெரும்பாலும் அக்குஸ்டிக் கிதாரும் பியானோவும்தான். இது மெட்டலா, இதை இன்னும் ஏன் மெட்டல் இதழ்கள் விமர்சிக்க வேண்டும் என்ற கேள்வி கூடவே வந்தது. ஆனால் பாட்டு எழுதும் முறையும் நிதானமும் மாறவில்லை. தரையை மட்டும் மாற்றினார். அப்படி மாற்றியபோது தாளமும் வார்த்தைகளுக்கு இடையிலான இடைவெளியும் வேறு மாதிரி அமைய வேண்டியிருந்தது. 2006இல் கனம் என்ன வேலை செய்தது என்பது அது இல்லாதபோதுதான் தெளிவாகத் தெரிகிறது.

இப்போது பாராட்டுக்கு வருவோம். புகாரைவிட எனக்கு அதுதான் ஆபத்தாகத் தோன்றுகிறது. உலகிலேயே சோகமான ஆல்பம் என்று சொல்வது ஒரு அளவீடு. என் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த பழைய பாடம் ஒன்று உண்டு: ஓர் அளவீடு எப்போது இலக்காக மாறுகிறதோ, அப்போதே அது அளவீடாகப் பயன்படாமல் போகிறது. சோகத்துக்கு மதிப்பெண் போட ஆரம்பித்தால் ஆல்பம் எதைப் பற்றி வருந்துகிறது என்ற கேள்வியே மறைந்துவிடும். இசை மருந்துச்சீட்டு ஆகிவிடும். பிரேக்கப்பா? இந்தா, இதைக் கேள். கேட்பவரும் தன் வலி உண்மையானது என்பதற்கு ஆல்பத்தைச் சாட்சியாக அழைக்கிறார்.

ஆனால் இந்தச் சாட்சி அவர் பக்கம் பேசுவதாக எனக்குத் தோன்றவில்லை. என் வாசிப்பில், இது இழந்தவனின் ஆல்பம் இல்லை. கிட்டப் போக முடியாதவனின் ஆல்பம். தலைப்பைத் திரும்பப் பாருங்கள். தள்ளி நிற்பது யார்? பாடுபவன்தான். அவனை யாரும் தள்ளி வைத்ததாகத் தலைப்பு சொல்லவில்லை. அந்தக் குரலில் நடுங்குவது துக்கத்தைவிட அதிகமாக வெட்கம் என்று நினைக்கிறேன். பிரியம் இருந்தும் அதை நடத்தையாக மாற்றத் தெரியாத ஒருவனின் வெட்கம். துக்கத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நாமும் அழலாம், அழுதுவிட்டு லேசாகலாம். வெட்கத்துக்குப் பக்கத்தில் உட்கார முடியாது. குரல் பிடிக்காதவர்கள் முகம் திருப்பிக்கொண்டதுகூட இந்த விஷயத்துக்கு நேர்மையான எதிர்வினைதான்.

2012இல் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்திலிருந்து பால்பேரர் என்ற குழு 'சாரோ அண்ட் எக்ஸ்டிங்ஷன்' ஆல்பத்தோடு வந்தது. அதே நிதானம், அதே மெலடி. பிட்ச்ஃபோர்க் போன்ற, மெட்டலுக்கு வெளியே இருக்கும் பெரிய இதழும் அதைக் கொண்டாடியது. நல்ல ஆல்பம், சந்தேகமே இல்லை. ஆனால் அங்கே குரல் கிதார்களோடு கலந்து உயரே மிதக்கிறது. துக்கம் பிரம்மாண்டமாக, எல்லோருக்குமானதாக இருக்கிறது. அதன் நடுவில் நின்றால் அழகாக உணர்வோம். வார்னிங் அந்த வசதியைத் தருவதில்லை. பால்பேரர் வழியாகப் பின்னோக்கிப் போய் வார்னிங்கைக் கண்டுபிடித்தவர்கள், அந்த அழகின் மூலப்பிரதியாக இதைக் கேட்டார்கள். சோகத்துக்கான தரவரிசையில் இது முதலிடம் பிடித்ததில் அதற்கும் ஒரு பங்கு இருக்கும்.

கேட்காதவர்கள் கேட்டுப் பாருங்கள். நடுராத்திரி, மழை, இருட்டு என்ற ஏற்பாடெல்லாம் வேண்டாம். பகலில், வேலைக்கு நடுவில் கேளுங்கள். குரல் எரிச்சல் தந்தால் உடனே நிறுத்திவிடாதீர்கள், அந்த எரிச்சல் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். முடிந்தபின் அழுகை வருகிறதா என்பது எனக்கு முக்கியமில்லை. பல மாதமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கும் ஒரு ஃபோன் காலின் ஞாபகம் வந்தால், ஆல்பம் உங்களுக்குச் சரியாகக் கேட்டிருக்கிறது என்று அர்த்தம்.